சந்தகை மிஷினில் குடிவந்த குளவி

எங்கள் வீட்டில் நடக்கிற அதிசயங்களெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்தால் தாங்கிக்கொள்ள இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை. போன மழைக்காலத்தில் ஜன்னல் திரையில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் போடலாம் என்று கையை வைத்தேன். குச்சி காலெடுத்து வைத்து நடந்தது. நானும் நடந்தேன், பின்பக்கமாக. சோபா தடுத்ததால் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டு வந்த என் மனைவி திரையையும் பார்த்து, என்னையும் பார்த்து, "பூச்சி அதும்பாட்டுக்கு அங்கயே இருக்குது. நீங்கதான் எடம் மாறீட்டீங்க" என்றாள்.

தை மாதத்தில் மைசூர் முழுக்க அவரைக்கொட்டை மணக்கும். ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்பார்கள். பிதுக்குகிற வேலை என்னுடையது. வேறு எதற்கும் லாயக்கில்லாதவர்களுக்கென்றே ஒவ்வொரு சமையலிலும் ஒரு வேலையை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒருநாள் ஒரு கொட்டை மட்டும் தோலை விட மறுத்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால் அது பச்சைப் புழு. இவ்வளவு நேரம் அதன் சட்டையைக் கழற்றத்தான் போராடியிருக்கிறேன்.

குளவி வந்ததையும் இப்படி ஒரு பத்தியில் எழுதிக் கடந்திருப்பேன். அதற்கு அது வந்து குடியேறிய இடம் வேறாக இருந்திருக்க வேண்டும்.

பங்குனி வெயிலில் ஒரு நாள், வீட்டின் பின்பக்கம் வாஷிங் மிஷினும் காலி சிலிண்டரும் இருக்கிற கம்பிபோட்ட இடத்திலிருந்து ரீங்காரம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு அடங்கும், மறுபடி கேட்கும். வாஷிங் மிஷின் போய்விட்டது என்று முடிவு செய்து ரிப்பேர்காரரை வரவழைத்தேன். அவர் குனிந்து, காதை வைத்துக் கேட்டு, நிமிர்ந்து, பிளக்கே போடவில்லையே சார் என்று கன்னடத்தில் மிக மரியாதையாகச் சொன்னார். வந்ததற்கு ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்.

ரீங்காரம் வந்தது, மேலே சிமெண்டுப் பலகையில் இருந்த சந்தகை மிஷினிலிருந்து.

சந்தகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பூர்வீகம் கொள்ளேகால் பக்கம். எங்கள் ஆட்களுக்கு வீட்டுக்கு முக்கியமான மனிதர் வருகிறார் என்றால் சந்தகை. இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான், ஆனால் அதைவிட நான்கு மடங்கு வேலை வாங்கும். அரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்டிலியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மிஷினில் போட்டுப் பிழிய வேண்டும். மிஷின் என்பது மூன்று கால் இரும்பு. நடுவில் ஒரு குழல், அடியில் ஓட்டைத் தட்டு, மேலே திருகுகிற கைப்பிடி. ஒருவர் மூன்று காலையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் திருக வேண்டும். ஒருத்தரை ஒருத்தர் திட்டாமல் எந்தத் தம்பதியும் சந்தகை பிழிந்ததில்லை. என் வலது தோள் இறுகிப்போய்விட்டது, கையை மேலே தூக்க முடியாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் மிஷினும் ஓய்வுபெற்றிருந்தது.

ஓய்வுபெற்ற அந்தக் குழலுக்குள் குளவி மண் உருண்டைகளைக் கொண்டுவந்து அப்பிக்கொண்டிருந்தது. பழைய துணி ஒன்றைச் சுருட்டி விரட்டப் போனேன்.

"ஏனுங்க! தொடப்படாது!"

என் மனைவி அப்படிக் கத்தி நான் வெகுகாலமாகக் கேட்டதில்லை.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கூட்டைக் கலைக்கக் கூடாது. உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது. தன் அக்காவுக்கு அன்றே போன் போட்டாள். அக்கா ஹனூரில் இருக்கிறாள். செம்மண் என்றால் பெண் என்று இவள் சொல்ல, செம்மண் என்றால்தான் பையன் என்று அக்கா சொல்ல, இரண்டு பேரும் அரை மணி நேரம் மண் பரிசோதனை நடத்தினார்கள். வீட்டில் இருப்பது நானும் இவளும்தான். எங்கள் இரண்டு பேர் வயதையும் கூட்டினால் மைசூரில் பல கட்டடங்களுக்குப் பாரம்பரிய அந்தஸ்து கிடைத்துவிடும். "குளவி விலாசம் மாறி வந்திருக்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் மகளை.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறேழு வருடமாகிறது. குழந்தை இல்லை. கடந்த சில வருடங்களாக ஆஸ்பத்திரி, ஊசி, காத்திருப்பு, கடைசியில் இந்தத் தடவையும் இல்லை என்று ஒரு போன். பிறகு மறுபடி முதலிலிருந்து. போன தீபாவளிக்கு வந்தபோது சொந்தக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும், "ஏதாச்சும் விசேஷமா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். அவள் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து உள்ளே போனாள். அதன் பிறகு இங்கே வருவதே குறைந்துவிட்டது. போனில் என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டாள்: "அப்பா, நம்ம வீட்லயாவது யாரும் என் வயித்தப் பாக்காம என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விசேஷம் என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். யாராவது காதுகுத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தால்கூட என் மனைவி, "என்னங்க விசே..." என்று ஆரம்பித்து, "என்னங்க வெயிலு" என்று முடிப்பாள்.

அதனால் குளவியைப் பற்றி நானும் அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை. என் பங்குக்குச் செல்போனில் படித்துப் பார்த்தேன். அந்தக் குளவி சிலந்திகளைக் கொட்டி, சாகவிடாமல் மயக்கி, முட்டையோடு கூட்டில் வைத்து மூடிவிட்டுப் போய்விடுமாம். குஞ்சு வெளிவரும்போது சாப்பாடு கெடாமல் தயாராக இருக்கும். ஃபிரிட்ஜ் இல்லாமல் இவ்வளவு ஏற்பாடு. நான் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தும் மறுநாள் டிபனுக்கு என்ன என்பதில் தெளிவில்லாமல் வாழ்கிற ஆள். படித்ததை மனைவியிடம் சொல்லலாம் என்று போனேன். அவள் பின்பக்கம் துணி காயப்போடுகிற கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டிக்கொண்டிருந்தாள். ஈரத்துணி உதறினால் கூட்டுக்குச் சாரல் அடிக்குமாம். திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். மகள் போன் செய்தாள். "சனிக்கிழமை வர்றோம்மா. ரெண்டு பேரும். ஒரு விஷயம் பேசணும்." பிறகு, "சந்தகை பிழியறியாம்மா? தேங்காப்பாலு ஊத்தி. ரொம்ப நாளாச்சு" என்றாள்.

போனை வைத்துவிட்டு என் மனைவி நின்ற நிலையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"வாயி கேக்குது பாருங்க" என்றாள். "ஆசைப்பட்டுக் கேக்கறா. பேசோணும்ங்கறா. நான் சொன்னனல்லோ?"

"சும்மா எதாச்சும் வேலை மாத்தற விஷயமா இருக்கும்."

"அதுக்கு ரெண்டு பேருஞ் சேந்து எதுக்கு வரோணும்?"

மகளின் குரலை நானும் ஸ்பீக்கரில் கேட்டேன். ஆசைப்பட்டுக் கேட்கிறவள் குரலாக எனக்குப் படவில்லை. நாள் முழுக்க நடந்து களைத்தவர்கள் உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்பது போல இருந்தது. இப்படிப்பட்ட சமயங்களில் நான் செய்தித்தாளை எடுத்துக்கொள்வது வழக்கம். அன்றும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நிமிடமே என் மனைவிக்குச் சிக்கல் உறைத்தது. மகளுக்குச் சந்தகை பிழிய வேண்டும். பிழிவதற்கு மிஷின் வேண்டும். மிஷினுக்குள் கூடு. கூட்டைக் கலைக்காமல் சந்தகை இல்லை. சந்தகைக்காகக் கூட்டைக் கலைப்பது நடக்கிற காரியமும் இல்லை.

பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றேன். அந்தம்மாவிடமும் இதேபோல் ஒன்று உண்டு. அவர்கள் ஒத்து ஷாவிகே என்பார்கள். ஆனால் உங்கள் மிஷினுக்கு என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? சொன்னால் சாயங்காலத்துக்குள் லேஅவுட் முழுக்க எங்கள் மகளுக்குச் சீமந்தம் நடந்துவிடும். கடைசியில் முறுக்கு அச்சில் பிழிவது என்று முடிவாகி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். இரண்டு கையாலும் அமுக்க வேண்டிய மர அச்சு. தோள் போனவன் அமுக்கினால் என்ன வரும்? மூன்று இட்டிலிக்கு ஏழெட்டுத் தடித்த புழுக்கள் வந்தன. நான்காவதற்குக் கைப்பிடி விரிந்துவிட்டது.

"உங்களைக் கட்டீட்டு வந்த நாளா இதேதான்" என்றாள்.

"எது?"

"எதை எடுத்தாலும் பாதீல நிக்கறது."

புழுக்களை நானே தாளித்துச் சாப்பிட்டேன்.

ஆகவே பொய். மிஷினில் மரை தேய்ந்துவிட்டது, திருகினால் வழுக்குகிறது, இட்டிலியும் குருமாவும் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்வதாக ஏற்பாடு. பழைய வேட்டி ஒன்றை மிஷின் மேல் முக்காடு மாதிரி போட்டு மூடினாள்.

இந்தத் திட்டத்தில் நாங்கள் கணக்கில் எடுக்காதது மாப்பிள்ளையை. அவர் கன்னடக்காரர், மெக்கானிகல் என்ஜினியர், தங்கமான மனிதர். தங்கமான மெக்கானிகல் என்ஜினியரிடம் மரை தேய்ந்துவிட்டது என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சனிக்கிழமை காலை வந்து காபியை வாயில் வைத்தவர், நான் மரை தேய்ந்த கதையைச் சொன்னதும் அப்படியே டம்ளரை இறக்கினார்.

"அஷ்டேனா மாவா? அவ்வளவுதானா? கார்ல டூல்ஸ் இருக்கு. மிஷினை எடுத்து வாங்க, ரெண்டே நிமிஷம்."

"இங்க இல்லீங்க மாப்பிள்ளே" என்றேன். "ரிப்பேருக்குப் போயிருக்குது. மண்டி மொஹல்லாவுல ஒரு கடை."

"எந்தக் கடை? நான் போய் எடுத்துட்டு வரேன்."

"அது சந்துக்குள்ள. காரு போகாது."

"ஸ்கூட்டர்ல போறேன் மாவா."

"இன்னைக்கு லீவு."

இந்தப் பொய்யை நான் இப்படி ஒவ்வொரு மாடியாகக் கட்டிக்கொண்டிருக்கும்போது மகள் முகம் கழுவிவிட்டு ஈரத்துண்டைக் காயப்போடப் பின்பக்கம் போனாள். கொடி பழைய இடத்தில் இல்லை. தேடியிருக்கிறாள். பலகையின் மேல் முக்காடிட்டு நிற்கிற மூன்று காலைப் பார்த்திருக்கிறாள்.

"அம்மா, இது என்ன?"

என் மனைவி ஓடினாள். நானும் பின்னால் போனேன். வேட்டி மகள் கையில் இருந்தது.

"மிஷினு" என்றாள் மனைவி.

"மண்டி மொஹல்லாவுல இருக்குன்னு அப்பா சொல்லீட்டிருந்தாரே."

"இப்பத்தான் வந்துச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

மாப்பிள்ளை மிஷினை இறக்கி, கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "த்ரெட் சென்னாகிதே மாவா. நல்லாத்தான் இருக்கு." பிறகு குழலுக்குள் பார்த்து, "இது யாரு மண்ணு போட்டது?" என்றார்.

மகள் பார்த்தாள். அவளும் எங்கள் வீட்டில் வளர்ந்தவள்தானே. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவிழ்த்துக் கட்டிய கொடி, முக்காடு, முறுக்கு அச்சின் விரிந்த கைப்பிடி, அம்மாவின் முகம் எல்லாம் அவளுக்குள் ஒன்றாகச் சேர்வது தெரிந்தது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் காலி சிலிண்டரின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் பேச வந்தது வேறம்மா" என்றாள். "நாங்க நிறுத்திட்டோம். இனி ஆஸ்பத்திரி வேண்டாம்னு. போன மாசமே முடிவு பண்ணிட்டோம். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தனை நாளு..." கையிலிருந்த வேட்டியை மடித்துக்கொண்டே, "என்னால முடியலம்மா. உடம்பு அலுத்துப் போச்சு" என்றாள்.

மாப்பிள்ளை அவள் பக்கத்தில் போய் நின்றார். கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு என் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று நாலு பேருக்குத் தெரிந்த ஆள். கம்பிக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவில்லை.

என் மனைவி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாப்பிள்ளையின் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கினாள்.

"காலைப் புடிங்க" என்றாள் என்னிடம்.

எனக்குப் புரியவில்லை.

"மிஷினோட காலைப் புடிங்கன்னேன். நகருது."

உட்கார்ந்து பிடித்தேன். அவள் குழலுக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டு ஒரு குத்துக் குத்தினாள்.

"அம்மா, விடு. சும்மா இரும்மா. இட்லியே போதும்" என்று மகள் எழுந்தாள்.

"நீ சந்தகைதானே கேட்டே" என்றாள் இவள், நிமிராமல். அடுத்த குத்து. ஒரு மாதமாகச் சாரல் படாமல் காத்த கூடு காய்ந்த வறட்டி மாதிரி உடைந்து தட்டில் விழுந்தது. கவிழ்த்துத் தரையில் கொட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே ஏதாவது நெளிந்தால் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

மாப்பிள்ளைதான் குனிந்து பார்த்தார். "காலி" என்றார்.

கண்ணைத் திறந்தேன். ஒவ்வொரு அறையிலும் ஒரு வட்ட ஓட்டை. உள்ளே வெங்காயச் சருகு மாதிரி ஏதோ கொஞ்சம், சிலந்திக் கால்கள் சில. குஞ்சுகள் எப்போதோ பறந்து போயிருந்தன. எட்டிப் பார்க்கக் கூடாது என்பதால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கு நாங்கள் இத்தனை நாள் காவல் இருந்திருக்கிறோம். அதற்காக நான் ஒரு முறுக்கு அச்சை வேறு உடைத்தேன்.

மகள் அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. எது எதனால் என்று நான் கேட்கவில்லை.

"அப்பா, மண்டி மொஹல்லா கடைக்காரன் நல்லா ரிப்பேர் பண்ணியிருக்கான்" என்றாள்.

மிஷினை வெந்நீரில் மூன்று முறை கழுவினார்கள். அரிசிதான் இரவே ஊறிவிட்டதே. பொய் சொல்லத் திட்டம் போட்ட அதே மூச்சில் அரிசியும் ஊறவைத்திருக்கிறாள் என் மனைவி. மாப்பிள்ளை திருகினார். நான் காலைப் பிடித்தேன். "இன்னும் அழுத்திப் புடிங்க மாவா" என்று அவரும் என்னைத் திட்ட ஆரம்பித்ததில் அவர் இந்தக் குடும்பத்தில் முழுதாகச் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. வெள்ளை வெளேரென்று சந்தகை இறங்கியது. முதல் ஈட்டில் லேசாக மண் வாசனை இருந்தது என்பது என் அபிப்பிராயம். சொன்னால் அதுவும் என் தலையில் விழும் என்று சொல்லவில்லை.

மகள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாவது முறை தேங்காய்ப்பால் ஊற்றும்போது என் மனைவி, "ஊர்ல யாருகிட்டயும் நீ ஒண்ணுஞ் சொல்ல வேண்டாங் கண்ணு. நான் சொல்லிக்கறேன்" என்றாள். மகள் தலையை மட்டும் ஆட்டினாள். வாய் நிறையச் சந்தகை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் கிளம்பிப் போனார்கள். மிச்சமிருந்த சந்தகையைத் தாளித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தோம். கார் திரும்பிய கையோடு போன் அடித்தது. ஹனூரிலிருந்து அக்கா. பிள்ளைகள் வருகிறார்கள் என்பதை இவளே ஆசையாகச் சொல்லி வைத்திருந்தாள். என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு மத்தியானத் தூக்கம் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

என் மனைவி தைல பாட்டிலோடு என் பின்னால் உட்கார்ந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். அக்கா கேட்டது எனக்கும் கேட்டது.

"இல்லீங்கக்கா" என்றாள் இவள். "அதெல்லாம் வேண்டாம்னுட்டாங்க. ஆமா, ரெண்டு பேருந்தான்." அக்கா ஏதோ சொன்னாள், கொஞ்சம் நீளமாக. கூட்டைப் பற்றியும் கேட்டாள்.

"நாந்தான் ஒடச்சேன்" என்றாள் என் மனைவி. "இனி இதைப் பத்தி அவகிட்டக் கேக்காதீங்க. எங்கிட்டயுங் கேக்காதீங்க."

போனை வைத்துவிட்டுத் தைலத்தை என் தோளில் தேய்த்தாள். வழக்கத்தைவிட அழுத்தமாகத் தேய்த்தாள். வலித்தது. பொறுத்துக்கொண்டேன், அவளுடைய கை எதையாவது அழுத்த வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கை நின்றது. திரும்பிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். இந்தத் தோளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் திரும்ப முடியாது. இடது கையை மட்டும் பின்னால் நீட்டினேன். தைலக் கையோடு பிடித்துக்கொண்டாள்.